வாட்ஸோவிலிருந்து கிர்க்கெனெஸுக்குப் பதினான்கு நிமிடம்

எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் தூர்டிஸ் மிக்கொலாவிடம் பதில் ஒன்றுதான். "பதினாலு நிமிஷம்."

கால அட்டவணையில் இருபது என்று போட்டிருக்கும். அது விமானம் உருளத் தொடங்குவதிலிருந்து உருண்டு நிற்பது வரைக்கும். தூர்டிஸின் கணக்கு சக்கரம் தரையை விட்ட கணத்திலிருந்து திரும்பத் தரையைத் தொடும் கணம் வரை. நடுவே கிடப்பது நோர்வேயின் வடகோடியில் உள்ள வராங்கர் குடா. வாட்ஸோவிலிருந்து கிர்க்கெனெஸுக்கு ஆகாயத்தில் கோடு கிழித்தால் நாற்பது கிலோமீற்றர் வரும். வீதியால் போனால் குடாவின் தலை வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு மறுகரையால் வரவேண்டும். நூற்றெழுபதுக்கு மேல். கோடையில் இரண்டரை மணித்தியாலம். மாரியில் கடவுள் விட்ட வழி.

தூர்டிஸ் வாட்ஸோ விமான நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்கிறார். அங்கே ஒரு நேரத்துக்கு இரண்டு பேர்தான் வேலையில் இருப்பார்கள். பொதி நிறுப்பதும் அவர்கள், பொதியைத் தூக்கி ஏற்றுவதும் அவர்கள். ஒலிபெருக்கியில் பயணிகளைக் கூப்பிட்டுவிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்து சீட்டைக் கிழிப்பதும் அவர்களே. பிறகு மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய், இறக்கையில் ஒட்டிய பனியைக் குழாய் பிடித்துக் கழுவுவார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் முதல்முறை அங்கே போனபோது, மண்டபத்து வாங்கில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வைத்தால் அவை நடுங்குவது தெரியும். யாழ்ப்பாணத்தில் குண்டுவிமானம் வரும் சத்தத்துக்குப் பதுங்கு குழிக்குள் ஓடி வளர்ந்தவளுக்கு, அதே மாதிரி இரைகிற ஒன்றுக்குள் காசு கொடுத்து ஏறுவது இலேசான காரியம் இல்லை. மாதத்தில் இரண்டு தடவை கிர்க்கெனெஸ் போகவேண்டிய உத்தியோகம் எனக்கு வாய்த்திருந்தது. தூர்டிஸ் வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"ஏன் பிள்ளை, தூக்கில போடக் கொண்டுபோற ஆள் மாதிரி இருக்கிறாய்?"

"எவ்வளவு நேரம் போகும்?"

"பதினாலு நிமிஷம். ஒரு முட்டை அவிக்கிற நேரம்."

"முட்டை அவியப் பதினாலு நிமிஷமோ?"

"நான் அவிச்சால் ஆகும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் வாயால் கேட்டால்தான் படியில் கால் ஏறும்.

இரண்டு வருடம் கழித்துத்தான் இன்னொன்று கேட்கத் தோன்றியது. "தூர்டிஸ், எங்க இருந்தால் ஆட்டம் குறைவு? முன்னுக்கோ பின்னுக்கோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் ஏறினதில்லையே."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னது அவரோடு வேலை செய்கிற இங்வால்ட். இங்வால்டுக்கு ஐம்பது இருக்கும். நின்ற இடத்தில் நின்றபடி யாரையாவது சீண்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. ஆனால் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

தூர்டிஸ் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் வருடம், ஒரு பங்குனி மாதம். ஒன்பது பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறார். பதினான்கு நிமிடத்தில் மறுகரையிலிருந்து வரவேண்டிய செய்தி வரவில்லை. பனிப்புயலில் தொலைபேசித் தொடர்பும் அறுந்துவிட்டது. பயணிகளின் பட்டியல் கையில் இருந்தது. ஒன்பது பெயரும் தெரிந்த பெயர். ஒருவர் அவருக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியர். இன்னொருத்தி பாண் சுட்டு விற்கும் கடைக்காரி. தூர்டிஸ் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தாராம். நாற்பத்தெட்டு நிமிடம். கடைசியில் பார்த்தால் கிர்க்கெனெஸில் இறங்க முடியாமல் விமானம் வேறொரு ஊருக்குத் திரும்பி, பத்திரமாக இறங்கியிருக்கிறது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"ஒன்பது பேரும் அண்டைக்குப் பின்னேரமே சுகமா வீட்ட வந்திட்டினம்," என்றார் இங்வால்ட். "தூர்டிஸ்தான் இன்னும் வந்து சேரேல்லை."

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். விமானம் மேலே எழும்பியதும் ஒரு கோப்பை கோப்பி ஊற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். குடிக்க மாட்டார். மறுகரையில் இறங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும்தான் கோப்பை வாய்க்குப் போகும். இருபத்தாறு வருடமாக வேலை நேரத்தில் அவர் சுடச்சுடக் கோப்பி குடித்ததில்லை.

தூர்டிஸுக்கு ஒரே மகள், யூருன். கலியாணம் முடித்து கிர்க்கெனெஸில் இருக்கிறாள். அவளுடைய கணவன் ஆட்லே பெரிய மீன்பிடிக் கப்பலில் போகிறவன். போனால் ஐந்து வாரம் கடல்தான். மகளைப் பார்க்கத் தூர்டிஸ் தன்னுடைய பழைய காரில் குடாவைச் சுற்றிப் போவார். கோடையிலும் மாரியிலும். யூருன் அதைப் பகிடி பண்ணுவாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகையில் அது பகிடியாக இல்லாமல் போனது. யூருனுக்கு வயிற்றில் ஐந்து மாதம். காலையில் இரத்தம் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், "அம்மா, வா," என்று போன் எடுத்தாள். தூர்டிஸ் அப்போது வேலையில் நின்றார். பகல் விமானம் முற்றத்தில் நின்றது. அதில் இடமும் இருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த விமானத்துக்குப் பொதி ஏற்றி, கதவு சாத்தி, கை காட்டி அனுப்பிவிட்டுத் தன்னுடைய காரில் ஏறினார். விமானம் பதினான்கு நிமிடத்தில் போனது. இடைவழியில் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வாகனங்களை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். தூர்டிஸுக்கு ஆறு மணித்தியாலம். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, யூருன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஒண்டும் சொல்லேல்லை அவள்," என்று தூர்டிஸ் ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அடுத்த முறை பிள்ளை பிறக்கேக்க நான் பக்கத்தில இருப்பன் எண்டு அவளிட்டச் சொல்லிப்போட்டன். எப்பிடியெண்டு மட்டும் சொல்லேல்லை."

திட்டம் சரியாகத்தான் போட்டிருந்தார். இந்த வருடம் யூருனுக்குத் தேதி கொடுத்திருந்தது மார்ச் கடைசியில். அதற்கு மூன்று கிழமை முந்தியே லீவு எடுத்து, காரில் போய், அங்கேயே தங்கிவிடுவது. ஆனால் பிள்ளை அந்தத் திட்டத்தை வாசிக்கவில்லை. லீவு தொடங்கிய முதல் நாள் காலையிலேயே யூருனுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆட்லே கடலில், கரைக்கு வர இரண்டு நாள். குடாவின் தலைப்பக்கம் காற்று பனியை வாரி வீதியில் கொட்டியதால், வீதி இரண்டு பக்கமும் மூடப்பட்டிருந்தது.

நான் அன்று பதினொரு மணி போல விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது, நான் வழக்கமாக இருக்கும் வாங்கில் தூர்டிஸ் இருந்தார். நகரத்துக்குப் போகும்போது போடும் சிவப்புக் கோட்டு. மடியில் ஒரு பை. அதற்குள் பின்னிய தொப்பியும் காலுறையும், ஒரு பெட்டி உறைந்த முல்தெ என்ற சதுப்புநிலப் பழமும். கைகள் தொடைக்கடியில்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் போய் இருந்தேன்.

"வீதி?"

"மூடியாச்சு."

"யூருன்?"

"தொடங்கிட்டுதாம்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "பிள்ளை, ஒண்டும் கதையாதை. கதைச்சால் எழும்பி வீட்ட போயிடுவன்."

மேசைக்குப் பின்னால் இங்வால்ட் தனியாக நின்று திண்டாடிக்கொண்டிருந்தார். அவரோடு வேலைக்கு வரவேண்டியவன் மூடிய வீதிக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டான். ஆனாலும் வாய் ஓயவில்லை.

"எல்லாரும் பாருங்கோ, இண்டைக்கு எங்கட மகாராணி டிக்கற் எடுத்திருக்கிறா. தூர்டிஸ், ஜன்னல் பக்கமோ, இல்லாட்டிப் பொதியோட வாறியோ?"

"வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார். அந்தப் பெட்டிக்குத் தலைகீழா அட்டை கட்டியிருக்கிறாய்."

"பயணிகள் அமைதியா இருக்க வேணும்."

"மற்றப் பெட்டிக்கு அட்டையே இல்லை!"

இருந்து பார்த்தார். முடியவில்லை. எழுந்து போய் மேசைக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் மேலங்கியை எடுத்துச் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். மாட்டிய கணமே முகம் மாறிவிட்டது; அதுவரை வெளுத்துப்போய் இருந்தவர் பழைய தூர்டிஸ் ஆகிவிட்டார். பொதியை நிறுத்தார், தூக்கினார், வண்டியில் அடுக்கினார். ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டார். கதவைத் திறந்து சீட்டைக் கிழித்தார். என்னுடைய சீட்டையும்தான்.

"எவ்வளவு நேரம்?" என்று பழக்கத்தில் கேட்டேன்.

"பதினாலு நிமிஷம். போ, போ."

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். காற்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. விமானத்தில் இருந்த ஒரே பணிப்பெண் இருக்கைகளின் மேலால் விரலை ஓட்டி எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். வாசலில் போய்க் கீழே பார்த்துச் சொன்னாள்:

"பட்டியல்ல பன்னிரண்டு. இஞ்ச பதினொண்டுதான் இருக்கு."

கீழே படியடியில் நின்ற தூர்டிஸின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எந்த விசரன் அது? நேரத்துக்கு வரத் தெரியாதவைக்கு ஏன் பயணம்?"

அந்த நேரத்தில் விமானியின் குரல் வந்தது. கிர்க்கெனெஸ் பக்கம் ஒரு பனி மழை திரண்டு வருகிறது, ஐந்து நிமிடத்துக்குள் கிளம்பினால் கிளம்பலாம், இல்லாவிட்டால் பின்னேரம்தான், என்றார்.

பின்னேரம் என்றால் யூருனுக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

ஜன்னலால் பார்த்தேன். தூர்டிஸ் குனிந்து காற்றைக் கிழித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார். வெளிச்சுவரில் இருந்த ஒலிபெருக்கி இரைந்தது: "கிர்க்கெனெஸ் போகும் கடைசிப் பயணி உடனடியாக விமானத்துக்கு வரவும். கடைசி அழைப்பு." பிறகு அவரே வெளியே வந்து கார்கள் நிற்கும் பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்ப உள்ளே போனார். கழிவறைக் கதவைத் தட்டியிருப்பார். ஒலிபெருக்கி மறுபடியும்: "உண்மையாகவே கடைசி அழைப்பு!"

எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"வராத ஆளின்ர பெயர் என்ன?"

அவள் தாளைப் பார்த்தாள். "மிக்கொலா. தூ. மிக்கொலா."

முன் இருக்கையில் இருந்த மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அந்த மனுசி தன்னைத்தானே தேடிக்கொண்டு திரியுது!"

நான் இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். விமானத்துக்குள் எழுந்து நடப்பவள் இல்லை நான், அன்று நடந்தேன். படியின் தலையில் நின்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். "தூர்டிஸ்! நீதான்! வராத ஆள் நீதான்!"

காற்று என் குரலைக் கொண்டுபோனது. நல்ல வேளையாக அதே நேரம் இங்வால்ட் மண்டபத்திலிருந்து பட்டியலோடு வந்து அவருக்கு முன்னால் நின்று, ஒரு பெயரில் விரலை வைத்தார். தூர்டிஸ் பார்த்தார். அசையாமல் நின்றார். ஒரு கணம், அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு பட்டியலைப் பறித்து இங்வால்டின் தலையில் ஒரு அடி போட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடிவந்தார். பின்னால் இங்வால்ட் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

உள்ளே வந்ததும் முன் இருக்கைக்காரர் கேட்டார். "என்ன, ஆளைப் பிடிச்சிட்டியோ?"

"பிடிச்சிட்டன்," என்றார் தூர்டிஸ் மூச்சு வாங்க. "பொறுப்பில்லாத மனுசி."

விமானம் முழுக்கச் சிரித்தது. கதவு சாத்தினார்கள். மஞ்சள் மேலங்கியோடு என் பக்கத்தில் வந்து விழுந்தவர் என்னுடைய கையைப் பிடித்தார். பொதி தூக்கி உரம் ஏறிய கை, எலும்பு நொந்தது.

"உண்மையா மறந்துபோனியோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாதி," என்றார். "மிச்சப் பாதியைப் பற்றி இப்ப கேளாதை."

சக்கரம் தரையை விட்டது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்தெட்டு.

"பதினாலு நிமிஷம்," என்றேன்.

"எனக்குச் சொல்லித் தாறியோ நீ?"

கீழே குடா ஈயம் மாதிரிக் கிடந்தது. தூர்டிஸ் எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது நிமிடத்தில், "இப்ப இங்வால்ட் கோப்பி ஊத்தியிருப்பான்," என்றார். ஒன்பதாவது நிமிடத்தில் முகிலுக்குள் போனோம். ஜன்னல் பால் ஊற்றியது போல வெளுத்தது, இருக்கை ஒருதரம் கீழே விழுந்து எழுந்தது. ஆனால் என் கையைப் பிடித்திருந்தவர் என்னைவிட மோசமாக இருந்ததால், பயப்படுவதற்கு என்னிடம் இடம் மிஞ்சவில்லை.

பதினான்கு நிமிடம் வந்தது. போனது. நாங்கள் இன்னும் முகிலுக்குள்தான்.

"முடிஞ்சுது," என்றார் தூர்டிஸ். உதடு வெளுத்திருந்தது. "பதினாலு முடிஞ்சுது."

விமானி சொன்னார்: ஓடுபாதைக்கு மேல் பனி மழை நிற்கிறது, அது விலகும் வரை ஒரு சுற்றுச் சுற்றுவோம், எரிபொருள் தாராளமாக இருக்கிறது. குரலில் ஒரு அவசரமும் இல்லை. முன் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டார். இருமல் வந்த ஒருவருக்குப் பணிப்பெண் இனிப்புக் கொடுத்தாள். பின்னால் யாரோ கிழவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தூர்டிஸ் திரும்பி எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். "அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்திருப்பினம் என்ன? அந்த ஒன்பது பேரும்."

"ஓம்."

"நான் கீழ நிண்டு செத்துக்கொண்டிருக்க, வாத்தியார் இஞ்ச இருந்து குறட்டை விட்டிருப்பார்."

"விட்டிருப்பார்."

"அறுவான்," என்றார். கையின் பிடி அப்போதுதான் தளர்ந்தது. என் விரல்களில் இரத்தம் திரும்ப ஓடுவது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். முகில் கிழிந்து, கீழே குட்டைப் பைன் மரங்களும், கறுத்த நீண்ட ஓடுபாதையும் தெரிந்தன.

சக்கரம் தொட்டபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

விமானம் நிற்கும் முன்பே தூர்டிஸ் போனை எடுத்துவிட்டார். மறுமுனையில் மணி ஒருதரம் முழுதாக அடித்திருக்காது, எடுத்துவிட்டார்கள். "இங்வால்ட், கோப்பியைக் குடி."

போனில் இங்வால்ட் என்ன சொன்னாரோ தெரியாது. தூர்டிஸ், "அழாதை, மாடு," என்று சொல்லி வைத்தார்.

டாக்ஸியில் நானும் கூடப் போனேன். எனக்கு வேலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பிரசவப் பகுதி வரை அவர் நடந்த நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. மருத்துவிச்சி ஒருத்தி எதிரே வந்தாள். மஞ்சள் மேலங்கியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யூருனின்ர அம்மாவோ? அவசரப்படாதை. இன்னும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் இருக்கு."

தூர்டிஸ் சுவரில் சாய்ந்தார். முதல்முறையாக ஒரு முழு மூச்சு விட்டார். அது எனக்கே நெஞ்சை இலேசாக்கியது.

திறந்த கதவால் யூருன் பார்த்துவிட்டாள். நெற்றி எல்லாம் வேர்வை.

"அம்மா? வீதி மூடியெல்லோ கிடக்கு. எப்பிடி வந்தனி?" பிறகு அந்த மேலங்கி கண்ணில் பட்டது. சொல்லாமலே விளங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் நோவும் ஒன்றாக வந்தன. "பிளேனுக்குக் கை காட்டவோ உள்ள வந்தனி?"

"கைதான் தர வந்தனான். இந்தா, பிடி," என்று போய்க் கட்டிலடியில் உட்கார்ந்தார் தூர்டிஸ்.

நான் வேலைக்குப் போனேன். நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் நடைபாதையில் நின்று இங்வால்டோடு போன் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த மேலங்கியை அவர் இன்னும் கழற்றவில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் மறுகரையிலிருந்து செய்தி வரும் அதே தொனியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"வந்து சேர்ந்த நேரம் பதினைஞ்சு பன்னிரண்டு. நிறை ரெண்டாயிரத்து எண்ணூற்றி நாப்பது கிராம். பயணி ஒருத்தி. பொதி இல்லை."

இங்வால்டின் பதில் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"பட்டியல் சரி. ஒருத்தரும் குறையேல்லை."

தூர்டிஸ் போனை வைத்தார். ஜன்னல் விளிம்பில் மருத்துவிச்சி வைத்துவிட்டுப் போன கோப்பி ஆவி பறக்க இருந்தது. அதை எடுத்து, ஊதாமல், அப்படியே ஒரு வாய் குடித்தார். நாக்குச் சுட்டுவிட்டது.

"சனியன், என்ன சூடு," என்றார், சந்தோஷமாக.